பல துறைகள், ஒரே தீபம்

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்குத் திருவண்ணாமலையில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். கீழே, அருணாசலேசுவரர் கோயிலில் அர்த்தநாரீசுவரர் வெளிப்பட, கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் ஏற்றப்படும். மேலே, 2,668 அடி உயர மலையின் உச்சியில், பர்வதராஜ குலத்தினர் கொப்பரையில் மகாதீபம் ஏற்றுவார்கள். உச்சியில் நிற்பவர்களுக்குக் கீழே நடக்கும் பூசையின் ஒவ்வொரு படியும் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு தருணத்தை. கொப்பரையையும் டன் கணக்கில் நெய்யையும் திரிக்கான காடாத் துணியையும் முன்கூட்டியே மேலே சேர்த்து, மழை பெய்தாலும் காற்றடித்தாலும் அந்தத் தருணத்துக்குத் தயாராக இருப்பது அவர்கள் பொறுப்பு. கீழிருந்து யாரும் அதை நிமிடத்துக்கு நிமிடம் மேற்பார்வை செய்வதில்லை.

இந்தத் தீபத்தைச் சுற்றி இன்னொரு பெரிய வேலை நடக்கிறது. லட்சக்கணக்கானோர் ஊருக்குள் வந்து, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி, விடிவதற்குள் வீடு திரும்பக் கிளம்ப வேண்டும். கோயில் இந்து சமய அறநிலையத் துறையிடம் இருக்கிறது. கூட்டம் காவல்துறையின் பொறுப்பு. சிறப்புப் பேருந்துகளை அரசுப் போக்குவரத்துக் கழகம் விடுகிறது. குடிநீரும் குப்பையும் 2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த உள்ளாட்சியுடையவை. மலைக்கு வனத்துறை, முதலுதவிக்குச் சுகாதாரத் துறை, அதோடு தீயணைப்பு, மின்வாரியம். ரயில்வே மத்திய அரசுடையது. அதற்குள்ளும் எல்லைகள் உண்டு. விழுப்புரம் - காட்பாடி பாதையில் இருக்கும் திருவண்ணாமலை நிலையம் திருச்சிக் கோட்டத்தைச் சேர்ந்தது, பாதை போய்ச் சேரும் காட்பாடியோ சென்னைக் கோட்டத்தில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் இவர்கள் எல்லோரையும் கூட்டிப் பேசலாம். ஆனால் ஒவ்வொரு துறைக்குள்ளும் அன்றாடம் யார் எங்கே என்ன செய்வது என்பதை அந்தந்தத் துறைதான் முடிவு செய்யும்.

ஒரே முதலாளி இல்லாத இத்தகைய வேலையைக் கணினியால் எப்படி ஒழுங்குபடுத்துவது? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினி அறிவியலாளர்கள் இதோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். அவர்கள் கண்ட விடைகளில் ஒன்று மென்பொருள் முகவர். தொழிலில் இருப்பவர்கள் ஏஜென்ட் என்றே சொல்வார்கள்.

முதலில் எளிய நிலைமையைப் பார்க்கலாம். ஓர் அலுவலகத்துக்குள் கோப்பு நகரும் வழியைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது கடினமில்லை. மனுவை யார் வாங்குவது, யார் சரிபார்ப்பது, யார் கையெழுத்திடுவது, எத்தனை நாளில் என்று வரைந்து கொடுத்துவிட்டால், நடுவில் இருக்கும் ஒரு மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் மேசைக்கும் வேலையை அனுப்பும். இதைத்தான் பணிப்பாய்வு மேலாண்மை, அதாவது ஒர்க்ஃப்ளோ மேனேஜ்மென்ட் என்கிறார்கள். 1993-இல் இத்துறை நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கின. 1995-இல் அது வெளியிட்ட பொது மாதிரிதான் நீண்ட காலம் இந்தத் துறைக்கு அடிப்படையாக இருந்தது. அந்த மாதிரியின் மையத்தில் இருப்பது, எல்லா அடியையும் அறிந்து நடத்தும் ஒரு என்ஜின். இன்று அரசு அலுவலகங்களில் பயன்படும் தேசியத் தகவல் மையத்தின் இ-ஆபீஸும் கோப்பை மேசைக்கு மேசை நகர்த்தும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வேலை அலுவலகத்தின் வாசலைத் தாண்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. போக்குவரத்துக் கழகத்தின் பணிமனைப் பட்டியலை ரயில்வேயின் சர்வர் ஏன் திருத்த வேண்டும், எப்படித் திருத்த முடியும்? இருவருக்கும் பொதுவான என்ஜின் யார் கட்டடத்தில் இருக்கும்? அது நின்றுபோனால் எல்லோருடைய வேலையும் நிற்குமா?

தரவுத்தள உலகம் இந்தக் கேள்விகளை முன்பே சந்தித்திருந்தது. 1978-இல் ஜிம் கிரே விளக்கி எழுதிய ஒரு முறையில், ஒருங்கிணைப்பாளர் முதலில் ஒவ்வொருவரிடமும் “தயாரா?” என்று கேட்பார். எல்லோரும் ஆம் என்றால் மட்டும் “முடியுங்கள்” என்று ஆணை போகும். ஒருவர் மறுத்தாலும் எல்லாம் ரத்து. கணக்குப் பிசகாது, உண்மைதான். ஆனால் “தயார்” என்று சொன்ன பிறகு ஆணை வரும்வரை ஒவ்வொருவரும் தம்மிடமுள்ளதைப் பூட்டிவைத்துக் காத்திருக்க வேண்டும். இடையில் ஒருங்கிணைப்பாளர் விழுந்துவிட்டால் அத்தனை பேரும் உறைந்து நிற்பார்கள். நொடிகளில் முடியும் வேலைக்கு இது பொருந்தும். இரவு முழுவதும் நீளும், பல துறைகளில் பரவிய வேலைக்குப் பொருந்தவே பொருந்தாது.

1987-இல் ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் வேறு வழி சொன்னார்கள். நீண்ட வேலையைச் சிறு அடிகளாக உடைத்து, ஒவ்வோர் அடியையும் அந்தந்த இடத்திலேயே முடித்துவிடுவது. பின்னால் ஏதாவது தவறினால், முடிந்த அடிகளை ஈடுசெய்ய எதிர் அடிகளை எடுத்து வைப்பது. இந்தியர்கள் இதே போக்கைத் தினமும் பார்க்கிறார்கள். ராஜகோபுரத்துக்கு எதிரே பூ வாங்கிவிட்டு யுபிஐ-யில் பணம் அனுப்பினால், வாங்குபவரின் வங்கி, விற்பவரின் வங்கி, இரண்டு செயலிகள், நடுவில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் எனப் பல நிறுவனங்கள் அந்த ஒரு முழம் பூவுக்காக வேலை செய்கின்றன. ஒரு பக்கம் பணம் கழிந்து மறுபக்கம் சேராமல் போனால், கழிந்த பணம் திரும்ப வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் பணம் சேரவில்லையென்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், வணிகருக்கான கட்டணம் என்றால் ஐந்து நாளுக்குள். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

பணத்தைத் திருப்பித் தந்துவிடலாம். தவறான சாலையில் திருப்பிவிடப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்களைத் திருப்பியழைக்க எதிர் அடி ஏதும் கிடையாது. 2025 பிப்ரவரி 15 அன்று இரவு புது டெல்லி ரயில் நிலையத்தில் கும்பமேளாவுக்குக் கிளம்பிய கூட்டத்தில் 18 பேர் நெரிசலில் இறந்தார்கள். பிரயாக்ராஜ் என்று பெயர் தொடங்கும் ரயில்களின் அறிவிப்புகளால் பயணிகள் குழம்பியதை டெல்லி போலீசார் அப்போது சுட்டிக்காட்டினார்கள். ஒரு பயணியின் தலைச்சுமை சரிந்து விழுந்ததே காரணம் என்று ரயில்வே அமைச்சகம் பின்னர் கூறியது. காரணம் எதுவாயினும், அடர்ந்த கூட்டத்தில் நேர்ந்த பிழையைப் பிறகு சரிசெய்ய முடியாது. முன்கூட்டியே பேசி, உறுதி வாங்கி, அந்த உறுதி முறியப்போகிறது என்றால் முறிவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும்.

ஏஜென்ட் வேலைக்கு வருவது இங்கேதான்.

மைக்கேல் உல்ட்ரிட்ஜும் நிக்கோலஸ் ஜென்னிங்ஸும் 1995-இல் எழுதிய கட்டுரை, ஒரு நிரலை ஏஜென்ட் என்று அழைக்க வேண்டுமானால் அதனிடம் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஒவ்வோர் அடிக்கும் மனிதரின் கட்டளையை எதிர்பாராமல் தன் பொறுப்பில் இயங்க வேண்டும். சுற்றிலும் நடக்கும் மாற்றத்துக்கு உடனே ஈடுகொடுக்க வேண்டும். கேட்டால் மட்டும் செய்வது என்றில்லாமல், தன் இலக்கை நோக்கித் தானாகவே நகர வேண்டும். மற்ற ஏஜென்ட்களோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும். பணிப்பாய்வுக்கு மிகவும் தேவைப்படுவது இந்தக் கடைசிக் குணம்.

எப்படிப் பேசுவது என்பதற்கு முன்மாதிரி 1980-லேயே வந்துவிட்டது. ரீட் ஸ்மித் என்ற ஆய்வாளர் வகுத்த ‘கான்ட்ராக்ட் நெட்’ முறை, அரசு டெண்டர் விடும் முறையை ஒத்தது. வேலை வைத்திருக்கும் ஏஜென்ட் அறிவிப்பு விடும். செய்ய முடிந்தவை தம் நிலைமைக்கேற்ப ஒப்பந்தப்புள்ளி அனுப்பும். சிறந்ததைத் தேர்ந்து வேலை ஒப்படைக்கப்படும். எடுத்த ஏஜென்ட், அந்த வேலையைத் துண்டாக்கி மீண்டும் அறிவிப்பு விடலாம். யாரிடம் எவ்வளவு ஆள்பலம் இருக்கிறது என்ற முழு விவரமும் நடுவில் எங்கும் குவிய வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம் நிலைமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, “இதை என்னால் இந்த நேரத்துக்குள் செய்ய முடியும்” என்று மட்டும் சொன்னால் போதும்.

இந்த முறையின் நெருங்கிய உறவு இன்று இந்தியச் சாலைகளில் ஓடுகிறது. நந்தன் நிலேகனி, பிரமோத் வர்மா, சுஜித் நாயர் ஆகியோர் தொடங்கிய ‘பெக்கன்’ நெறிமுறையில், வேண்டுபவரின் செயலி தேடலை வலைப்பின்னலில் அறிவிக்கும். பல செயலிகள் தனித்தனியே பதில் தரும். தேர்வு, உறுதி, நிலவரம் என ஒவ்வொன்றுக்கும் தனிச் செய்தி உண்டு. பெங்களூரு ஆட்டோக்களின் ‘நம்ம யாத்ரி’ செயலியும் ஓஎன்டிசி வலைப்பின்னலும் இதன்மேல் கட்டப்பட்டவை. இவற்றை முழு ஏஜென்ட் என்று சொல்ல முடியாது, பேரம் பேசும் அறிவு அவற்றில் குறைவு. ஆனால் ஒரு பெரிய நிறுவனத்தின் ஒற்றை சர்வர் இல்லாமலேயே முன்பின் அறியாதவர்கள் ஒரு வேலையைப் பேசி முடிக்க முடியும் என்பதை அவை காட்டிவிட்டன.

ஏஜென்ட்களை நேரடியாகப் பணிப்பாய்வில் இறக்கிப் பார்த்த முக்கிய முயற்சி, 1990களில் பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தோடு ஜென்னிங்ஸ் குழு செய்த ‘அடெப்ட்’. வாடிக்கையாளர் ஒருவர் தொலைத்தொடர்பு இணைப்பு கேட்டால் விலைப்புள்ளி தர வேண்டும். அதற்கு வாடிக்கையாளர் சேவை, வடிவமைப்பு, நில அளவை, சட்டம் எனப் பல பிரிவுகள் உழைக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஏஜென்ட் வைத்தார்கள். வடிவமைப்புப் பிரிவின் ஏஜென்ட்டிடம் சேவைப் பிரிவின் ஏஜென்ட் ஆணையிடாது. எந்த விலைக்கு, எத்தனை நாளில், எந்தத் தரத்தில் என்று பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும். ஒப்பந்தம் முறிந்தால் வேறு ஏஜென்ட்டைத் தேடும்.

ஏறக்குறைய அதே காலத்தில் சிட்னி விமான நிலையத்தில் ‘ஓயாசிஸ்’ என்ற அமைப்பு சோதிக்கப்பட்டது. தரையிறங்க வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தனி ஏஜென்ட். எந்த விமானம் எப்போது இறங்குவது என்று அவை கணித்து, மனிதக் கட்டுப்பாட்டாளருக்குப் பரிந்துரை தரும். இதன் பின்னால் இருந்தவர்கள் மெல்போர்னில் பணியாற்றிய ஆனந்த் ராவும் மைக்கேல் ஜார்ஜெஃபும். மைக்கேல் பிராட்மேன் என்ற தத்துவ ஆசிரியர் 1987-இல் முன்வைத்த கருத்தை அவர்கள் நிரலாக்கினார்கள். ஏஜென்ட் தான் நம்புவது, விரும்புவது, செய்வதென்று உறுதிபூண்டது ஆகிய மூன்றையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும். உறுதிபூண்டதை ஒவ்வொரு சிறு செய்திக்கும் மாற்றிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. எந்தச் செய்திக்கும் மாற்றாவிட்டால் ஆபத்து. எப்போது உறுதியாக நிற்பது, எப்போது மறுபரிசீலனை செய்வது என்பதே ஏஜென்ட் வடிவமைப்பில் மிகக் கடினமான கேள்வி.

திருவண்ணாமலைக்கு அந்தக் கேள்வி 2024-இல் கொடுமையான வடிவில் வந்தது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். டிசம்பர் 13-இல் தீபம். முந்தைய ஆண்டுகளில் 2,500 பேருக்கு மலையேற அனுமதிச் சீட்டு தருவது வழக்கமாக இருந்தது. அந்த ஆண்டு நிலவியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தார்கள். பக்தர்கள் ஏறத் தடை வந்தது. தீபப் பணியில் உள்ளவர்கள் மட்டும் மேலே போனார்கள். பணிப்பாய்வு மொழியில் இதை ‘விதிவிலக்கு’ என்பார்கள். திட்டத்தில் ஒரு கட்டம் அடிபட்டதும் காவல், வனம், மருத்துவம், கோயில் என அதைச் சார்ந்த அத்தனை ஏற்பாடும் மாறியாக வேண்டும். அதைச் செய்தவர்கள் மனிதர்கள். ஆய்வுக் கூட்டங்களிலும் தொலைபேசியிலும் செய்தார்கள். தீபம் குறித்தபடி எரிந்தது.

பன்னிரண்டு நாள் அவகாசம் இருந்தால் மனிதர்களால் முடியும். பன்னிரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்றால்? தீப இரவு 9 மணிக்குக் கனமழை கொட்டி, வேட்டவலம் சாலையில் ஒரு வாகன நிறுத்தம் சேறாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இது ஒரு கற்பனைக் காட்சிதான். வாகனங்களைத் திருக்கோவிலூர் சாலைக்கு மாற்றுகிறார்கள். அங்குள்ள தற்காலிகப் பேருந்து நிலையத்தில் கூட்டம் இரட்டிப்பாகும். கூடுதல் பேருந்து வேண்டும், அந்தப் பேருந்துகள் எந்தச் சாலை வழியாக உள்ளே வரும் என்பதைப் போலீசார் தீர்மானிக்க வேண்டும், குடிநீர் வண்டியும் ஆம்புலன்சும் இடம் மாற வேண்டும், ஒலிபெருக்கியில் சரியான அறிவிப்பு போக வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒவ்வொருவரையும் வயர்லெஸ்ஸில் பிடிப்பதற்குள், முதலில் கேட்டவரின் நிலைமை மாறியிருக்கும்.

ஒவ்வொரு துறையிலும் ஒரு சிறு ஏஜென்ட் இருந்தால், நிறுத்தம் மூடப்பட்ட செய்தி வந்ததும் அது முறித்த உறுதிகள் எவை என்று உடனே தெரியும். ஐஐடி டெல்லியில் படித்து அமெரிக்காவின் வட கரோலினாவில் பணியாற்றும் முனீந்தர் சிங்கின் ஆய்வுகள் இதற்குத் துணை வருகின்றன. பணிப்பாய்வை ‘முதலில் இது, பிறகு அது’ என்ற வரிசையாகப் பார்ப்பதைவிட, ‘யார் யாருக்கு என்ன உறுதி கொடுத்திருக்கிறார்கள்’ என்ற கடப்பாடுகளின் தொகுப்பாகப் பார்க்கச் சொன்னவர் அவர். வரிசை குலைந்தாலும் கடப்பாடு நிற்கும். பேருந்து எந்த வழியில் வந்தால் என்ன, 10 மணிக்குள் அந்த நிலையத்தில் நாற்பது பேருந்து நிற்க வேண்டும் என்பதுதானே உறுதி? விழுப்புரம் பணிமனையால் முடியாதென்றால், அதன் ஏஜென்ட் அதை 9.10-க்கே சொல்லிவிடும். அறிவிப்பு மற்றப் பணிமனைகளுக்குப் போகும். மூன்று மாற்றுவழிகளும் அவற்றின் விளைவும் அதிகாரியின் திரைக்கு வரும். தேர்வு அவருடையது.

லட்சக்கணக்கான கைபேசிகள் திரளும் ஊரில் இணைப்பு திணறும். நடுவிலுள்ள என்ஜினை நம்பியிருந்தால் அப்போது எல்லாம் நின்றுவிடும். இதற்குக் கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் 1989-இல் எழுதிய ‘லீஸ்’ உத்தி உதவும். ஒவ்வோர் உறுதிக்கும் காலாவதி நேரம் உண்டு. தொடர்பு அறுந்தாலும் அந்த நேரம்வரை இரு தரப்பும் உறுதியை மதிக்கும். புதுப்பிக்கப்படாவிட்டால் தானாக விடுபடும். யாரும் யாருக்காகவும் முடிவில்லாமல் காத்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு நல்ல யோசனைகள் 1990களிலேயே இருந்தும் ஏஜென்ட்கள் ஏன் பரவவில்லை? மேடைகள் இருந்தன. டெலிகாம் இத்தாலியாவின் ‘ஜேட்’ உலகப் பல்கலைக்கழகங்களில் ஓடியது. ஐபிஎம்மின் ஜப்பான் ஆய்வகம் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாமே பயணம் செய்யும் ‘ஆக்லெட்’களை உருவாக்கியது. ஊரறியாத நிரல் ஒன்று தன் சர்வருக்குள் வந்து ஓடுவதை எந்த நிறுவனம்தான் அனுமதிக்கும்? அந்த வழி அடைபட்டது. மேலும், பத்து ஏஜென்ட்கள் தமக்குள் பேசி எடுத்த முடிவு ஏன் அப்படி வந்தது என்று விளக்குவது கடினம். வரைபடம் போட்டு ஓட்டும் என்ஜினில் அந்தத் தொல்லை இல்லை. வணிக உலகம் என்ஜினைத் தேர்ந்தது. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது.

இப்போது பெரிய மொழி மாதிரிகளின் வரவால் ஏஜென்ட் மீண்டும் எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. கருவிகளோடு பேச 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் ஒரு நெறிமுறை வெளியிட்டது. ஏஜென்ட்கள் தமக்குள் பேச 2025 ஏப்ரலில் கூகுள் ஒன்றை வெளியிட்டது. பழைய ஏஜென்ட்டுக்குப் புரியாத, “வண்டி எல்லாம் சேத்துல மாட்டிக்கிச்சு சார்” என்ற குரல் செய்தி மொழி மாதிரிகளுக்குப் புரியும். இது பெரிய முன்னேற்றம். ஆனால் இந்த மாதிரிகள் இல்லாததை இருப்பதாக உறுதியாகச் சொல்லும் குணம் உடையவை. நாற்பது பேருந்து வருகிறது என்று ஒரு நிரல் தானாகக் கற்பித்துச் சொன்னால், அந்த இரவில் அது உயிர்ப் பிரச்சினை. எனவே கேட்பதற்கும் எளிய தமிழில் சொல்வதற்கும் மொழி மாதிரியை வைத்துக்கொள்ளலாம். உறுதி கொடுப்பது, எண்ணுவது, காலாவதி பார்ப்பது ஆகியவை சோதித்துப் பார்க்கக்கூடிய பழைய பாணி விதிகளிடம்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பேச்சும் அழிக்க முடியாத பதிவாக வேண்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். ஆணையிடும் அந்த அதிகாரம் எந்த நிரலுக்கும் போகக் கூடாது.

இத்தகைய சோதனைக்கு இந்தியாவில் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் இருக்குமா என்பது சந்தேகமே. முழுக் கும்பமேளா பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. அடுத்ததற்குள் மென்பொருளும் மாறிவிடும், அதிகாரிகளும் மாறிவிடுவார்கள். இங்கே மாதந்தோறும் பௌர்ணமி வருகிறது. அதே பாதை, அதே துறைகள், அதே சாலைகள், தீபத்தைவிடச் சிறிய கூட்டம். ஒரு பௌர்ணமிக்கு இரண்டே ஏஜென்ட்களோடு தொடங்கலாம்: வாகன நிறுத்தத்துக்கு ஒன்று, பேருந்துப் பணிமனைக்கு ஒன்று. அவை பரிந்துரைத்ததையும் மனிதர்கள் உண்மையில் செய்ததையும் மறுநாள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாவட்ட நிர்வாகம் தரவைத் திறந்துவிட்டால், இந்த மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களே இறுதியாண்டுத் திட்டமாக இதைச் செய்யக்கூடியவர்கள். தேவையான நெறிமுறைகள் அனைத்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. அடுத்த பௌர்ணமிக்கே யாராவது தொடங்க வேண்டும்.